ஆயாவோட பிரியதத்தம், பாப்பாவோட ஹெய்ல் மேரி

"பசங்களை ஞாயித்துக்கிழமை பூசைக்குக் கூட்டிட்டுப் போயிடறோம். ஆனா வீட்டுல ஜெபம்னு உக்கார வைக்கறதுதான் முடியல"ன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. முதல்லயே சொல்லிடறேன், எங்க வீட்டுலயும் அது தினம் நடக்கறதில்ல. வாரத்துல மூணு நாள் நடந்தா பெரிய விஷயம். அந்த மூணு நாளும் எப்படி வந்ததுன்னு சொல்றேன்.

நான் திண்டிவனத்துல பொறந்தவ. வாக்கப்பட்டது விழுப்புரத்துல. வேலை, வாடகை வீடு, பசங்க ஸ்கூல் எல்லாம் சென்னையில. மாசத்துல ஒரு சனி ஞாயிறு ஊருக்குப் போவோம். எங்க ஆயாவுக்கு எண்பது தாண்டிடுச்சு. ராத்திரி ஏழரை ஆனா டிவியை நிறுத்திட்டுப் பாயை விரிச்சு மெழுகுவத்தி ஏத்திடுவாங்க. ஜெபமாலை முடியாம சோறு கிடையாது.

போன வருஷம் ஒரு சனிக்கிழமை. ஆயா பழைய தமிழ்ல 'பிரியதத்தம்' சொல்றாங்க. நாங்க எல்லாம் 'அருள்நிறை' சொல்லி வளந்தவங்க, ஆனாலும் ஆயாவுக்கு ஈடு கொடுத்துச் சொல்லிடுவோம். என் பொண்ணுக்கு எட்டு வயசு. அவளுக்குத் தெரிஞ்சது ஹெய்ல் மேரி மட்டும்தான். ரெண்டாவது பத்துலயே சிரிக்க ஆரம்பிச்சுட்டா. "ஆயா ஏன் சேசுன்னு தப்புத் தப்பா சொல்றாங்க?"ன்னு சத்தமாவே கேட்டுட்டா. ஆயா ஒண்ணும் சொல்லல, மாலையை முடிச்சாங்க. மறுநாள் எங்களைக் கூப்பிடவே இல்ல. திண்ணையில தனியா உக்காந்து, உதடு மட்டும் அசைய, சத்தமில்லாம சொல்லிக்கிட்டு இருந்தாங்க.

எனக்கு அன்னிக்குச் சோறு இறங்கல. பொண்ணைத் திட்டறதுல அர்த்தம் இல்லைன்னும் தெரிஞ்சது. ஆயா சொன்னது தப்பு இல்லைன்னு அவளுக்கு யாரு சொல்லிக் கொடுத்தோம்?

ரெண்டாம் வத்திக்கான் சங்கம் 1962-லிருந்து 1965 வரை நடந்தது. அதுவரைக்கும் பூசை லத்தீன்ல. அதுக்கப்புறம்தான் தமிழுக்கு வந்தது. வீட்டு ஜெபங்களோட தமிழும் மெல்ல மெல்ல மாறிச்சு. சேசு இயேசு ஆனார். சம்மனசு வானதூதர் ஆச்சு. பூசை திருப்பலி ஆச்சு, மோட்சம் விண்ணகம் ஆச்சு. பிரியதத்த மந்திரம் அருள்நிறை மந்திரம் ஆச்சு. ஆயா மாறல, அவ்வளவுதான். அவங்க சின்ன வயசுல அவங்க அம்மா மடியில கேட்ட சத்தம் அது.

இதை என் பொண்ணுக்குச் சொன்னப்போ அவ கேட்ட அடுத்த கேள்வி, "ஆயாவுக்குப் படிக்கத் தெரியாதே, அப்புறம் எப்படி இவ்வளவும் தெரியும்?" நல்ல கேள்வி. ஜெபமாலையோட கணக்கே அதுக்குத்தான் பதில். விவிலியத்துல திருப்பாடல்கள் 150. துறவிகள் அதை வாசிச்சு, பாடி ஜெபிச்சாங்க. வாசிக்கத் தெரியாத ஜனங்க அதுக்குப் பதிலா 150 தடவை இந்தச் சின்ன மந்திரத்தைச் சொன்னாங்க. மகிழ்ச்சி, துயரம், மகிமைன்னு மூணு அம்பது. 2002-ல இரண்டாம் ஜான் பால் வியாழக்கிழமைக்குன்னு ஒளியின் மறையுண்மைகளைச் சேர்த்தார். அதனால இப்போ 200. எழுத்து தெரியாதவங்க கையில இருந்த புஸ்தகம் அந்த மணிமாலைன்னு சொன்னேன். அவளுக்கு அது பிடிச்சிருந்தது.

அடுத்த மாசம் ஊருக்குப் போனப்போ ஒரு ஏற்பாடு பண்ணோம். அஞ்சு பத்து, அஞ்சு பேர். ஆளுக்கு ஒரு பத்தை முன்னால நின்னு சொல்லணும், அவங்கவங்க பாஷையில. மத்தவங்க பதில் பாதியைத் தனக்குத் தெரிஞ்ச மாதிரி சொல்லலாம். முதல் தடவை சந்தை மாதிரி இருந்தது, ஒருத்தர் முடிக்கும்போது இன்னொருத்தர் பாதியிலதான் இருப்பார். நாலு வயசுப் பையன் பத்துக்குப் பதினாலு சொல்லிட்டான். ஆயா திருத்தல. ஆனா மாலை முடிஞ்சதும் பொண்ணு பழையபடி ஆயாகிட்டப் போயி "தோத்திரம் ஆயா"ன்னா, அவங்க நெத்தியில சிலுவை போட்டாங்க. எனக்கு அதுதான் வேணும்.

நாம பொதுவா செய்யற தப்பு, பசங்களைப் பக்கத்துல உக்கார வச்சு "கையைக் கூப்பு, தூங்காத"ன்னு அதட்டறது. அவங்களுக்குன்னு அங்க ஒரு வேலையே இருக்காது. மெழுகுவத்தி ஏத்தறதோ, ஒரு பத்து சொல்றதோ, யாருக்காக வேண்டிக்கணும்னு பேர் சொல்றதோ, ஏதாவது ஒண்ணு அவங்களுடையதா இருக்கட்டும். 1964-ல வந்த சங்க ஏட்டுல குடும்பத்தை இல்லத் திருச்சபைன்னு சொல்லியிருக்கு. பெத்தவங்கதான் பிள்ளைங்களுக்கு முதல் போதகர்கள்னும் இருக்கு. மறைக்கல்வி வகுப்புக்கு அனுப்பிட்டா கடமை முடிஞ்சதுன்னு நினைச்ச எனக்கு அது கொஞ்சம் உறைச்சது.

இன்னொண்ணு. 2020 ஏப்ரல் 5, குருத்து ஞாயிறு. ஊரடங்கு, கோயில் பூட்டியிருக்கு. நாங்க திண்டிவனத்துல மாட்டிக்கிட்டோம். மாதா டிவியில பூசை. நான் சோபாவுல காபியோட உக்காந்திருந்தேன். எங்க அப்பா வேட்டி மாத்திக்கிட்டு வந்து, எழுந்திருக்கற இடத்துல எழுந்து, நடுப்பூசையில டிவி முன்னால முழங்கால் போட்டார். யாரையும் போடச் சொல்லல. நான் காபியைக் கீழ வச்சேன். அப்போ நாலு வயசா இருந்த என் பொண்ணு போயி அவர் பக்கத்துல முழங்கால் போட்டா.

அந்த வருஷம் எங்க வீட்டுக் குருத்தோலை பக்கத்து வீட்டுத் தென்னங்குருத்துதான். மத்த வருஷங்கள்ல கோயில்ல மந்திரிச்ச ஓலையைச் சிலுவையா முடைஞ்சு மாதா படத்துக்குப் பின்னால செருகி வைப்போம். வருஷம் முழுக்கக் காஞ்சு கிடக்கும். சாம்பல் புதனுக்கு முன்னால அதைக் கோயில்ல கொண்டு போய்க் கொடுப்போம், எரிச்சு அந்தச் சாம்பலைத்தான் நெத்தியில பூசுவாங்க. ஓலையைக் கொண்டு போறது இப்போ என் பையன் வேலை. "இது நம்ம வீட்டு ஓலையா?"ன்னு சாம்பல் பூசினவுடனே வரிசையிலயே சத்தமா கேப்பான்.

இனி சொல்றது கொஞ்சம் கசப்பு. ஒரு நாள் ஜெபமாலை முடிஞ்சு மெழுகுவத்திகூட அணைக்கல. கல்யாணப் பேச்சு வந்தது. சொந்தக்காரர் ஒருத்தர் "பையன் நம்ம ஆளுங்கதானே?"ன்னார். என் பொண்ணு நிமிந்து, "கிறிஸ்டியன்தான்னு சொன்னீங்களே?"ன்னா. யாரும் வாயைத் திறக்கல.

நம்ம பக்கத்துக் கதை தெரியாதவங்களுக்குச் சொல்றேன். விழுப்புரம், திண்டிவனம் ரெண்டும் புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டம். அதே மறைமாவட்டத்துல உளுந்தூர்பேட்டைப் பக்கம் இறையூர்னு ஒரு பழைய பங்கு. அங்க இருக்கறது ஜெபமாலை மாதா கோயில். சாதிப் பாகுபாட்டை எதிர்த்து தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப்பங்கு கேட்டாங்க. 2008 மார்ச்ல அது கலவரமாச்சு. போலீஸ் துப்பாக்கிச்சூட்டுல 2 பேர் செத்தாங்க. ரெண்டு பக்கமும் கத்தோலிக்கர்கள். ரெண்டு பக்கத்து வீடுகள்லயும் ராத்திரி ஜெபமாலை சொல்லியிருப்பாங்கன்னுதான் நான் நினைக்கறேன்.

அதனால அன்னிக்கு நான் சொந்தக்காரருக்கு மட்டுமில்ல, என் பொண்ணுக்குக் கேக்கற மாதிரியும் சொன்னேன்: "மாமா, இந்தப் பாயில உக்காந்துக்கிட்டு அதைக் கேக்காதீங்க." அவர் கோவிச்சுக்கிட்டார். ரெண்டு மாசம் பேசல. எங்க அம்மாவுக்கு இன்னும் என்மேல வருத்தம், பெரியவங்ககிட்ட அப்படிப் பேசியிருக்கக் கூடாதுன்னு. ஆயா என்ன நினைச்சாங்கன்னு தெரியல, மெழுகுவத்தியை ஊதி அணைச்சிட்டு "சாப்பிட வாங்க"ன்னாங்க.

இப்போ சென்னையில இருக்கற நாள்ல எட்டு மணிக்கு ஆயாவுக்கு போன் போடறோம். ஸ்பீக்கர்ல ஒரே ஒரு பத்து. போன வியாழக்கிழமை ஏழாவது மணியில லைன் கட் ஆயிடுச்சு. மறுபடி போட்டா ஸ்விட்ச் ஆஃப். பாக்கி மூணை என் பொண்ணு சொன்னா, ரெண்டு இங்கிலீஷ்ல, கடைசி ஒண்ணு பிரியதத்தம். நடுவுல ஒரு வார்த்தை தப்பு. அதை ஆயாகிட்டயே கேட்டுக்கறேன்னு சொல்லியிருக்கா.