பேச்சுக்கு முதல் வழி!
அவசரத்தைப் பிரித்து அனுப்பும் அதிசயப் பெட்டி

ஒரு பெரிய ஆஸ்பத்திரி. எக்ஸ்ரே படங்கள் கம்ப்யூட்டர் மூலம் அறைக்கு அறை போகின்றன. டாக்டர் டெலிபோனில் பேசுகிறார். இரண்டும் போவது ஒரே கம்பியில்தான்!

“அந்த ஊசி போடக் கூடாது” என்கிறார் டாக்டர். படங்கள் கம்பியை அடைத்துக்கொண்டு, “கூடாது” என்ற சொல் மட்டும் அறுந்துபோனால் என்ன ஆகும்?

இதைத் தடுக்க ஒரு பெட்டி இருக்கிறது. அதன் பெயர் சுவிட்ச். இது விளக்குப் போடும் சுவிட்ச் அல்ல. கம்ப்யூட்டர், டெலிபோன் கம்பிகள் எல்லாம் வந்து கூடும் சந்திப்பு இது.

பொட்டலம் பொட்டலமாக...

கம்பியில் எதுவும் முழுதாகப் போவதில்லை. சிறு பொட்டலங்களாகப் பிரிந்து போகிறது. ஒருவர் பேச்சு வழக்கமாக வினாடிக்கு 50 பொட்டலம். ஓர் எக்ஸ்ரே படமோ ஆயிரக்கணக்கான பொட்டலம்!

படம் அரை வினாடி பிந்தினால் யாருக்கும் தெரியாது. பேச்சு அப்படியல்ல. ஒரு வினாடியை 1,000 பங்கு வைத்தால், 150 பங்குக்குள் பேச்சு காதுக்கு எட்ட வேண்டும். பிந்தினால் உரையாடல் தடுமாறும்.

எட்டுப் படிகள்

ஆகவே பொட்டலத்தின் மேல் ஓர் எண் ஒட்டப்படுகிறது. 0 முதல் 7 வரை எட்டுப் படிகள். இந்த முறை 1998-ல் விதியாக வெளிவந்தது. பேச்சுக்குப் பெரும்பாலும் 5. சாதாரணத் தகவலுக்கு 0.

சுவிட்ச் எண்ணைப் பார்க்கிறது. பொட்டலங்களைத் தனித்தனி வரிசையில் நிறுத்துகிறது. பேச்சு வரிசையை முதலில் அனுப்புகிறது.

பொய் அவசரம்!

“எனக்கும் அவசரம்” என்று எல்லாக் கம்ப்யூட்டரும் பெரிய எண்ணை ஒட்டிக்கொண்டால்? அதற்கும் வழி உண்டு. டெலிபோன் ஒட்டிய எண்ணை மட்டும் நம்பு, மற்றவற்றை அழித்து 0 போடு என்று சுவிட்சுக்குச் சொல்லி வைக்கலாம்.

அவசர வரிசை ஓயாமல் வந்தால் மற்ற வரிசைகள் நின்றே கிடக்கும். என்ஜினீயர்கள் இதைப் ‘பட்டினி’ என்கிறார்கள்! எனவே, கம்பியின் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அவசர வரிசைக்கு விட வேண்டாம் என்பது சிஸ்கோ கம்பெனியின் யோசனை.

சொன்னால்தான் செய்யும்

வரிசை வைப்பதால் கம்பி அகலமாகிவிடாது. ஒன்று முந்தினால் மற்றொன்று காத்திருக்கத்தான் வேண்டும். எது காத்திருக்கலாம் என்று சுவிட்சுக்குத் தானாகத் தெரியாது. யாரும் சொல்லி வைக்காவிட்டால், பெரும்பாலும் வந்ததை வந்தபடியே அனுப்பும். டாக்டரின் பேச்சும் படங்களுக்குப் பின்னால் நிற்கும்.

எது அவசரம் என்று முடிவு செய்ய வேண்டியவர் மனிதர்தான்!