நிறம் போனால் நீர் தூய்மையாகுமா?

புதுச் சட்டையை முதன்முதலாக நனைக்கும்போது வாளித் தண்ணீரில் சாயம் இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு சட்டைக்கே இப்படியென்றால், சாயப்பட்டறைகளிலிருந்து வெளியேறும் தண்ணீர் எப்படி இருக்கும்? நொய்யல் ஆற்றின் கதை இதற்கு விடை சொல்லும். பாசனத்துக்காக அதன் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டினார்கள். ஆனால் திருப்பூர்ச் சாயக்கழிவு அங்கே வந்து தேங்கியதால், அணைநீர் பயிருக்கு உதவாமற் போயிற்று. 2011 ஜனவரியில், கழிவுநீரைச் சொட்டும் வெளியேற்றாத நிலையை எட்டாத சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

சாயத்தை அழிப்பது ஏன் கடினம்? துவைத்தாலும் வெயிலில் உலர்த்தினாலும் வெளுக்கக் கூடாது என்றுதான் அதைத் தயாரிக்கிறார்கள். துணியில் நாம் மெச்சும் அந்த உறுதியே தண்ணீரில் தொல்லையாகிறது. படிகாரம் இட்டுத் தெளிய வைக்கலாம். கரித்தூளில் ஒட்டச் செய்யலாம். அப்போதும் சாயம் அழிவதில்லை. இடம் மாறுகிறது, அவ்வளவே.

வெள்ளைத் தூளின் வேலை

1967-இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் கெனிச்சி ஹோண்டாவிடம் ஆராய்ச்சி மாணவராக இருந்தவர் அகிரா ஃபுஜிஷிமா. நீரில் அமிழ்ந்த டைட்டானியம் டை ஆக்சைடு படிகத்தின் மீது அவர் ஒளியைப் பாய்ச்சியபோது, வாயுக் குமிழிகள் கிளம்பின. ஒளியின் துணையால் நீர் பிளவுபட்டிருந்தது! 1972-இல் இது 'நேச்சர்' இதழில் வெளியாயிற்று. 1977-இல் அமெரிக்காவில் ஃபிராங்க், பார்ட் இருவரும் இதே பொருளைக் கொண்டு நீரிலுள்ள சயனைடு நஞ்சைச் சிதைத்துக் காட்டினர்.

வெள்ளைப் பெயின்டில் சேர்க்கும் தூள்தான் இந்த டைட்டானியம் டை ஆக்சைடு. இது ஒரு குறைகடத்தி. புற ஊதாக் கதிர் பட்டதும், இதிலுள்ள எலக்ட்ரான் ஒன்று மேல்நிலைக்குத் தாவுகிறது. அது விட்டுச் சென்ற வெற்றிடத்தைத் 'துளை' என்கிறோம். துளை நீரிடமிருந்து எலக்ட்ரானைப் பறிக்க, ஹைட்ராக்சில் என்ற தனி உறுப்பு பிறக்கிறது. தாவிய எலக்ட்ரானை நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் ஏற்றுக்கொள்கிறது. ஹைட்ராக்சில் சாய மூலக்கூறைத் தாக்கித் துண்டு துண்டாக்குகிறது. மெத்திலீன் நீலம் என்ற சாயம் முற்றிலும் சிதைந்தால், அதிலுள்ள கார்பன் கார்பன் டை ஆக்சைடாகவும், கந்தகம் சல்ஃபேட்டாகவும் மாறிவிடும். தூளோ தீர்ந்துபோவதில்லை. அதனால்தான் அது 'ஒளி வினையூக்கி' எனப்படுகிறது.

கண்ணை நம்பலாமா?

நீல நிறம் மறைந்துவிட்டால் வேலை முடிந்ததா? உங்கள் வேதியியல் ஆசிரியரை ஒரு சோதனை செய்துகாட்டச் சொல்லுங்கள். குளுக்கோசும் காரமும் கலந்த நீரில் சிறிது மெத்திலீன் நீலம் சேர்த்து, குடுவையை மூடி அசையாமல் வைத்தால் நிறம் மறையும். குலுக்கினால் மீண்டும் நீலம்! சாயம் எங்கும் போகவில்லை; நிறமற்ற வடிவில் ஒளிந்திருந்தது. குலுக்கும்போது கலந்த ஆக்சிஜன் அதைப் பழைய வடிவுக்குக் கொண்டுவந்தது.

ஆகவே ஆராய்ச்சியாளர்கள் நிறத்தை மட்டும் பார்ப்பதில்லை. நீரில் கரிமப் பொருள்களின் கார்பன் எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்றும் அளக்கிறார்கள். தூளுடன் இருட்டில் ஒரு குடுவை, தூளின்றி ஒளியில் ஒரு குடுவை என வைத்து ஒப்பிடுகிறார்கள். சாயம் தூளில் வெறுமனே ஒட்டிக்கொண்டதா, ஒளியில் தானாக வெளுத்ததா, உண்மையில் வினையூக்கியால் சிதைந்ததா என்பது அப்போதுதான் தெரியும்.

இம்முறைக்கும் எல்லைகள் உண்டு. சூரிய ஒளியில் புற ஊதாவின் பங்கு ஏறத்தாழ 5 சதவீதமே. கலங்கிய, அடர்ந்த நிறமுள்ள நீருக்குள் ஒளி ஆழமாக இறங்காது. நுண்ணிய தூளை நீரிலிருந்து பிரித்தெடுப்பதும் எளிதல்ல.

எல்லாவற்றுக்கும் மேலாக, உப்பு இருக்கிறது. பருத்தித் துணியில் சாயம் ஏறுவதற்காகச் சாயத்தொட்டியில் ஏராளமாக உப்பைக் கொட்டுகிறார்கள். ஒளி வினையூக்கியால் உப்பை அழிக்க முடியாது. சவ்வூடு பரவலை எதிர்த்திசையில் நடத்தியும், நீரை ஆவியாக்கியும்தான் அதைப் பிரிக்க வேண்டும். நிறமே இல்லாத உப்பு நீரும் பயிரை வாட்டும் அல்லவா?

இனி தெளிந்த கழிவுநீரைக் கண்டால், நிறம் போயிற்றே என்று மகிழ்வதோடு நில்லாமல், அதில் இன்னும் என்ன இருக்கிறது என்றும் கேளுங்கள்.