ஆடாக்கி வைக்கும் பத்து நொடி

மூன்று பேர் கொண்ட இரண்டு அணிகள், நாலு பக்கமும் அடைத்த ஒரு களம். எதிரணியின் மூவரும் விழுந்தால் ஆட்டம் முடிந்தது. 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' ஆன்லைன் விளையாட்டில், 2007 ஜனவரியில் 'தி பர்னிங் குருசேட்' விரிவாக்கத்தோடு வந்த அரீனா இதுதான். இருவர் அணி, ஐவர் அணி என்றும் ஆடினார்கள். பெரிய போட்டிகளில் நிலைத்து நின்றது மூவர் ஆட்டம்தான்.

முதல்முறை பார்ப்பவரின் கண் அதிகமாக அடிப்பவர் மேல்தான் போகும். ஆனால் வெறும் அடியால் அங்கே ஆள் விழுவது அரிது. பெரும்பாலும் ஒவ்வொரு அணியிலும் ஒரு ஹீலர் இருப்பார். இந்த நொடி விழுந்த காயத்தை அடுத்த நொடியே ஆற்றிவிடுவார். எனவே அடிப்பது ஒருவரை, கட்டிப்போடுவது இன்னொருவரை. அரீனாவின் வியூகமெல்லாம் இந்தப் பிரிவினையில் இருந்துதான் கிளம்புகிறது.

புகழ்பெற்ற கூட்டணி ஒன்றைப் பார்ப்போம்: ரோக் (பதுங்கித் தாக்குபவர்), மேஜ் (மந்திரவாதி), பிரீஸ்ட் (ஹீலர்). இங்கே சொல்லும் கணக்கெல்லாம் 2008இல் வந்த 'ராத் ஆஃப் தி லிச் கிங்' விரிவாக்கக் காலத்தவை. மேஜ் 'பாலிமார்ஃப்' மந்திரத்தால் எதிரணி ஹீலரை ஆடாக மாற்றிவிடுவார். பத்து நொடி அவரால் எதுவும் செய்ய முடியாது. அதே வேளையில் ரோக் மற்றொருவரை 'கிட்னி ஷாட்' அடித்து ஆறு நொடி மரத்துப்போக வைப்பார். இருவரின் தாக்குதலும் அந்த ஒருவர் மேல் குவியும்.

ஆனால் ஆட்டின் மேல் ஒரு சிறு அடி பட்டாலும் மந்திரம் கலைந்துவிடும். பக்கத்தில் யாரும் பரவலாகத் தாக்கும் மந்திரத்தைப் போடக் கூடாது. இன்னொரு தடை இதைவிடக் கடுமையானது. ஒரே வகைக் கட்டை ஒருவர் மேல் அடுத்தடுத்துப் போட்டால் பத்து நொடி ஐந்தாகும், பிறகு இரண்டரை ஆகும், நான்காவது முறை பலிக்கவே பலிக்காது. அந்தக் கணக்கு அழிய ஏறக்குறைய 15 முதல் 20 நொடி விட்டுவிட வேண்டும். அதனால் ஆடு கலையும் தறுவாயில் பிரீஸ்ட் தன் பாதுகாப்பை விட்டு ஓடிவந்து 'சைக்கிக் ஸ்க்ரீம்' போட்டு அந்த ஹீலரை அலறி ஓட வைப்பார். அச்சம் வேறு வகை என்பதால் முழு எட்டு நொடி கிடைக்கும். யார், எப்போது, எந்த வகை என்று மூவரும் வாய்ஸ் சாட்டில் சொல்லிக்கொண்டே ஆடுவார்கள். ஒரு நொடி முந்தினாலும் கட்டு வீண். பிந்தினால் ஹீலர் எழுந்துவிடுவார்.

கட்டுண்டவர் கையில் 'ட்ரிங்கெட்' ஒன்று உண்டு. எந்தக் கட்டையும் அறுக்கும், ஆனால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறைதான். தேர்ந்த அணி முதல் பாய்ச்சலில் உயிரை எதிர்பார்ப்பதில்லை. ட்ரிங்கெட்டைச் செலவழிக்க வைத்தாலே போதும். அடுத்த இரண்டு நிமிடத்துக்குள் வரும் இரண்டாவது பாய்ச்சலுக்கு எதிராளியிடம் பதில் இருக்காது. எதிரியின் ட்ரிங்கெட் எப்போது மீளும் என்று காட்டவே 'கிளாடியஸ்' போன்ற ஆட்-ஆன்கள் (துணை நிரல்கள்) இருந்தன.

தற்காப்புக்குத் தூண். மந்திரம் போட எதிரி கண்ணில் பட வேண்டும். நாக்ராண்ட் என்ற அரீனா களத்தில் நான்கு தூண்கள். ஹீலர் அவற்றில் ஒன்றை ஒட்டியே நகர்வார். மேஜின் பார்வையில் படக் கூடாது, தன் கூட்டாளியோ பார்வையிலிருந்து மறையக் கூடாது. அந்த ஓரடி இடத்துக்காகவே பல ஆட்டங்கள் நீளும்.

எனக்கு மிகவும் பிடித்தது பிரீஸ்ட்டின் ஒரு தந்திரம். 'ஷேடோ வேர்ட்: டெத்' என்ற மந்திரம் எதிரியைக் கொல்லாவிட்டால் போட்டவரையே திருப்பி அடிக்கும். எதிரணி மேஜின் பாலிமார்ஃப் தன் மேல் வந்து விழும் கணத்துக்குச் சற்று முன் பிரீஸ்ட் இதை எதிரி மேல் போடுவார். அவர் ஆடாக மாறிய மறுகணம் அந்த எதிரடி அவர் மேலேயே விழும், கட்டு கலைந்துவிடும். அரை நொடிகூட இடைவெளி இல்லாத வேலை, அதைச் சரியாகச் செய்பவரைப் பார்க்கும்போது வியப்பே மிஞ்சும். இதற்கும் மேஜிடம் பதில் உண்டு. ஒன்றரை நொடி நீளும் மந்திரத்தை முடியப்போகும் நேரத்தில் சட்டென்று நிறுத்துவார். பிரீஸ்ட் அவசரப்பட்டு மந்திரத்தைச் செலவழித்திருந்தால், அது மறுபடி கிடைக்கப் பன்னிரண்டு நொடி. மேஜ் உடனே மறுபடி தொடங்குவார், இந்த முறை நிறுத்தாமல்.