எந்த ஆயிரம்?

செஞ்சியை அடுத்த ஒரு காலனியில் வசிக்கும் கல் உடைக்கும் தொழிலாளி அவர். ஆறு மாதம் காசநோய் மாத்திரை சாப்பிட்டு முடித்திருக்கிறார். நோய் குணமாகிவிட்டது. ஆனால் அந்த ஆறு மாதமும் மனைவியின் நடவுக் கூலியில்தான் வீட்டில் உலை கொதித்தது. பற்றாக்குறைக்கு வாங்கிய கடன் இன்னும் அடையவில்லை. "சத்தான சாப்பாட்டுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வந்ததா?" என்று கேட்டோம்.

"எந்த ஆயிரம் சார்? பொம்பளைங்களுக்குப் போடுறாங்களே, அதுவா?"

அது மகளிர் உரிமைத் தொகை. நாம் கேட்டது நிக்சய் போஷன் திட்டத்தை. 2018 ஏப்ரலில் தொடங்கிய இத்திட்டத்தில் காசநோயாளிக்கு மாதம் 500 ரூபாய் தரப்பட்டது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாய். சிகிச்சை முடியும்வரை வங்கிக் கணக்கில் வர வேண்டும். வருமானச் சான்று தேவையில்லை. தனியாரிடம் சிகிச்சை பெறுபவரும் அரசின் காசநோய்ப் பதிவில் இருந்தால் தகுதி உடையவரே.

இதைச் சில்லறைக் காசு என்று தள்ளிவிட முடியாது. ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் குடும்பங்களுக்குக் கூடுதல் உணவு கொடுத்து நடத்திய ஆய்வின் முடிவு 2023இல் வெளியானது. அந்த வீடுகளில் மற்றவர்களுக்குப் புதிதாக நோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. மாத்திரையோடு சோறும் மருந்துதான். கல் தூசியை மூச்சில் வாங்கும் தொழிலாளிகளுக்கு இந்நோய் வரும் வாய்ப்பே அதிகம்.

பிறகு ஏன் தெரியவில்லை? மாத்திரை தொடங்கும்போது வங்கிப் புத்தக நகல் கேட்டிருக்கிறார்கள். எதற்கென்று சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. ஆரம்ப சுகாதார நிலையம் இருப்பது ஊர்த்தெருவில். அங்கே வரிசையில் நின்று சத்தமாகக் கேட்டால் நோய் ஊருக்கே தெரிந்துவிடும். "காலனிக்காரன்னு ஏற்கெனவே தள்ளி நிப்பாங்க. இதுவும் சேர்ந்தா வேலைக்கு யார் கூப்பிடுவா?" என்கிறார். விழிப்புணர்வு இல்லை என்று நோயாளியின் மீதே பழி போடுகிறவர்கள் அந்த வரிசையில் ஒருநாள் நின்று பார்க்கலாம்.

கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் ஒரு வேலை செய்யுங்கள். சிகிச்சை அட்டையில் நிக்சய் எண் இருக்கிறதா, அந்த எண்ணில் வங்கிக் கணக்கு சேர்க்கப்பட்டிருக்கிறதா, ஆதார் இணைந்த கணக்குதானா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் 1800-11-6666 என்ற இலவச எண்ணில் கேட்கலாம். வரிசையில் நின்று யார் காதிலும் விழும்படி பேச வேண்டியதில்லை.

பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் தகரப் பெட்டியிலிருந்து வங்கிப் புத்தகத்தை எடுத்து வந்தார். நூறு நாள் வேலைக்காகத் தொடங்கிய கணக்கு. கடைசி வரவு, அவர் மாத்திரை தொடங்குவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு.