பிளாஸ்மாவுக்குக் கூலி: சட்டம் தடுப்பதும் வறுமை அழைப்பதும்

அமெரிக்காவின் பல நகரங்களில் பிளாஸ்மா சேகரிப்பு மையங்கள் இயங்குகின்றன. அங்கே செல்பவர் ஒரு மணி நேரத்துக்கும் மேலாகப் படுக்கையில் சாய்ந்திருப்பார். அவரது இரத்தத்தை இயந்திரம் ஒன்று உறிஞ்சி, பிளாஸ்மாவை மட்டும் பிரித்துக்கொண்டு, சிவப்பணுக்களை மீண்டும் உடலுக்குள் செலுத்தும். எழுந்து செல்லும்போது அவரது கணக்கில் பணம் சேர்ந்திருக்கும். அந்நாட்டு விதிகளின்படி ஒருவர் வாரத்துக்கு இருமுறை இவ்வாறு கொடுக்கலாம்.

அப்படியொரு மையம் தூத்துக்குடியில் திறக்கப்பட்டால் அதன் வாசலில் யார் நிற்பார்கள்? ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பளங்கள் மூழ்கிக் கிடக்கும் மாதங்களில் வரிசை எங்கிருந்து தொடங்கும்? இக்கேள்விக்கான விடை இம்மாவட்டத்தை அறிந்த எவருக்கும் தெரியும். உப்பளத்தில் வெறுங்காலோடு நிற்கும் தலித் பெண்கள், துறைமுகத்தில் மூட்டை தூக்கும் தினக்கூலிகள், மீன்பாடு குறைந்த கடலோரக் குடும்பங்கள் ஆகியோரே அங்கே நிற்பார்கள். ஆகவே பிளாஸ்மாவுக்குப் பணம் தரலாமா என்பதை மருத்துவ அறம் சார்ந்த கேள்வியாக மட்டும் பார்க்க இயலாது. யாருடைய உடல் யாருக்கு மூலப்பொருள் ஆகிறது என்னும் கேள்வியும் அதற்குள் இருக்கிறது.

பிளாஸ்மா என்பது என்ன?

இரத்தத்தில் ஏறத்தாழ 55 விழுக்காடு பிளாஸ்மா எனப்படும் வெளிர்மஞ்சள் நீர்மம். அதன் பெரும்பகுதி நீர். எஞ்சியதில் முதன்மையானவை புரதங்கள். தீக்காயத்துக்கும் ஈரல் நோய்க்கும் பயன்படும் ஆல்புமின், நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கான இம்யூனோகுளோபுலின், ஹீமோஃபிலியா நோயாளிகளுக்கான உறைவுக் காரணிகள் ஆகியவை இப்புரதங்களிலிருந்தே பிரித்தெடுக்கப்படுகின்றன. ஆயிரக்கணக்கானோரின் பிளாஸ்மாவை ஒன்றாகக் கலந்து தொழிற்சாலையில் பகுத்தால்தான் இம்மருந்துகள் கிடைக்கும். உலக மருந்துச் சந்தைக்குச் செல்லும் பிளாஸ்மாவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை அமெரிக்கா தருகிறது. பணம் கொடுத்துப் பெறுவதே அதற்குக் காரணம். அம்மையங்கள் ஏழ்மை மிகுந்த பகுதிகளில் கூடுதலாக அமைந்திருப்பதை ஆய்வுகள் சுட்டிக்காட்டியுள்ளன. மெக்சிகோவிலிருந்து பார்வையாளர் விசாவில் எல்லை தாண்டி வந்து பிளாஸ்மா விற்றுச் சென்றவர்களை 2021இல் அமெரிக்க எல்லைத் துறை தடுத்தபோதுதான், அத்தொழில் எத்தகைய மனிதர்களை நம்பியிருக்கிறது என்பது பலருக்கும் தெரியவந்தது.

இந்தியாவில் ஏன் தடை?

இந்தியாவில் இரத்தத்துக்கோ பிளாஸ்மாவுக்கோ பணம் பெறுவது சட்டப்படி குற்றம். இத்தடை அறவுரையால் வந்ததன்று. விபரீதங்களின் விளைவாக வந்தது.

1980களில் இந்திய நகரங்களில் 'தொழில்முறைக் கொடையாளர்' என்று ஒரு கூட்டமே இருந்தது. ரிக்ஷா இழுப்போரும், நடைபாதையில் வசிப்போரும், வேலை தேடி நகரத்துக்கு வந்தோரும் பணத்துக்காக மீண்டும் மீண்டும் இரத்தம் கொடுத்தனர். புனேயில் வணிக முறையில் பிளாஸ்மா கொடுத்தவர்களிடையே எச்.ஐ.வி. பரவியிருந்ததை 1989இல் லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்டது. அவர்கள் நோயைக் கொண்டுவந்தவர்கள் என்று மட்டும் கருதுவது பிழை. பிளாஸ்மாவைப் பிரித்துவிட்டுச் சிவப்பணுக்களை உடலுக்குள் திருப்பிச் செலுத்தும்போது, கருவியின் தூய்மை பேணப்படாவிட்டால் கொடுப்பவருக்கே தொற்று ஏற்படும்.

சீனத்தின் ஹெனான் மாகாணத்தில் 1990களில் இதுவே பேரழிவாக நிகழ்ந்தது. ஏழை உழவர்களிடம் பணம் கொடுத்துப் பிளாஸ்மா வாங்கப்பட்டது. பலரது இரத்தம் ஒன்றாகக் கலக்கப்பட்டு, எஞ்சிய சிவப்பணுக்கள் அவர்களுக்கே திரும்பச் செலுத்தப்பட்டன. ஊர் ஊராக எச்.ஐ.வி. பரவியது. அதை வெளியுலகுக்குச் சொன்ன மருத்துவர் காவ் யாவோஜி அதிகாரிகளின் தொல்லைக்கு ஆளாகி நாட்டைவிட்டு வெளியேறினார். 2023 டிசம்பரில் நியூயார்க்கில் காலமானார்.

இந்தியாவில் 'காமன் காஸ்' என்னும் அமைப்பு உச்சநீதிமன்றத்தை நாடியது. அரசின் கேட்பின்பேரில் 1990இல் அளிக்கப்பட்ட அறிக்கை ஒன்று அவ்வழக்கில் முன்வைக்கப்பட்டது. நாட்டிலிருந்த 1,018 இரத்த வங்கிகளில் 616 உரிமமின்றி இயங்கின என்பது அதிலிருந்து வெளிப்பட்டது. 1996 ஜனவரி 4 அன்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேசிய அளவிலும் மாநில அளவிலும் இரத்த மாற்றுக் குழுமங்கள் அமைக்கப்பட வேண்டும். இரத்த வங்கிகள் அனைத்தும் ஓராண்டுக்குள் உரிமம் பெற வேண்டும். பணத்துக்கு இரத்தம் கொடுக்கும் முறை ஈராண்டுக்குள் ஒழிக்கப்பட வேண்டும். 1998 ஜனவரி 1 முதல் தடை நடைமுறைக்கு வந்தது. 2002இன் தேசிய இரத்தக் கொள்கை, ஊதியமற்ற தன்விருப்பக் கொடையையே அடிப்படையாக ஏற்றது.

பிளாஸ்மாவை மட்டும் பிரித்தெடுப்பதற்கும் இந்திய விதிகள் கடுமையான எல்லை வகுத்துள்ளன. ஒருமுறைக்கு 500 மில்லி லிட்டருக்கு மேல் எடுக்கலாகாது. மாதத்துக்கு 1,000 மில்லி லிட்டரைத் தாண்டலாகாது. அமெரிக்காவில் வாரத்துக்கு இருமுறை, இங்கே இரு வாரங்களுக்கு ஒருமுறை. இருநாட்டு மனிதரின் உடலும் ஒன்றே. விதியை எழுதும்போது தொழிற்சாலையின் தேவை முன்னால் வைக்கப்பட்டதா, கொடுப்பவரின் நலம் முன்னால் வைக்கப்பட்டதா என்பதே வேறுபாடு.

தடைக்குப் பின்னும் தொடரும் வாணிகம்

தடை வந்ததால் வறுமை ஒழியவில்லை. வாணிகம் நிழலுக்குள் சென்றது. 2008இல் உத்தரப்பிரதேசத்தின் கோரக்பூரில் அடைத்துவைக்கப்பட்டு இரத்தம் உறிஞ்சப்பட்ட 17 பேரைக் காவல்துறை மீட்டது. வேலை தருவதாகச் சொல்லி அழைத்துச் செல்லப்பட்ட ஏழைத் தொழிலாளர்கள் அவர்கள்.

உடலை விற்கும் நிலை தமிழகத்துக்கும் புதிதன்று. சென்னை வில்லிவாக்கம் 'கிட்னிவாக்கம்' என்று ஏளனமாக அழைக்கப்பட்ட காலம் உண்டு. 1994இல் உறுப்பு மாற்றுச் சட்டம் வந்த பின்னரும், சுனாமியில் வாழ்விழந்து எர்ணாவூரில் குடியமர்த்தப்பட்ட மீனவப் பெண்கள் சிறுநீரகம் விற்ற செய்தி 2007இல் வெளியானது. 2025இல் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தின் விசைத்தறித் தொழிலாளர்களிடம் அதுவே நடந்தது அம்பலமானது. கடன், தரகர், மருத்துவமனை என்ற வரிசை எங்கும் மாறவில்லை. விற்றவர்களில் பலர் கடனிலிருந்து மீளவும் இல்லை.

பெருந்தொற்றின்போது அரசே இந்த எல்லையில் தடுமாறியது. 2020 ஜூலையில் கொரோனாவிலிருந்து மீண்டவர்கள் பிளாஸ்மா கொடுத்தால் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை வழங்கப்படும் என்று கர்நாடக அரசு அறிவித்தது. அதே மாதம் சென்னை இராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் பிளாஸ்மா வங்கி தொடங்கப்பட்டது. நாடெங்கும் பிளாஸ்மாவுக்காக வேண்டுகோள்கள் பறந்தன. வசதி படைத்தவர்கள் விலை பேசினர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வோ, அச்சிகிச்சை இறப்பைக் குறைக்கவில்லை என்று கண்டது. 2021 மே மாதத்தில் அது சிகிச்சை வழிகாட்டுதலிலிருந்து நீக்கப்பட்டது. பயன் உறுதியாகும் முன்பே ஒரு பொருளுக்கு விலை உருவாகிவிடும் என்பதற்கு இது சான்று.

ஊதியமின்மை யாருக்குச் சுமை?

தடையை ஆதரிப்பதோடு நாம் நின்றுவிட்டால் ஒரு பெரும் அநீதியைக் காணாமல் விட்டுவிடுவோம். மத்திய அரசு ஊழியர் ஒருவர் இரத்தம் கொடுத்தால் அந்நாளுக்குச் சிறப்புத் தற்செயல் விடுப்பு உண்டு, ஊதியம் குறையாது. 2017இல் இச்சலுகை, இயந்திரம் மூலம் இரத்தக் கூறுகளைக் கொடுப்போருக்கும் விரிவுபடுத்தப்பட்டது. அதை ஒருவரும் 'கூலிக்கு இரத்தம்' என்று சொல்வதில்லை. விடியுமுன் அளத்துக்குச் சென்று உப்பு வாரும் பெண் இரத்தம் கொடுத்தால் அன்றைய கூலி போயிற்று. அக்கூலியை யாரேனும் ஈடுசெய்தால் அது சட்டமீறலாகப் பார்க்கப்படும். ஒரே செயல், ஒருவருக்குத் தியாகமும் விடுப்புமாகவும், மற்றொருவருக்கு இழப்பாகவோ குற்றமாகவோ அமைகிறது. உழைப்புச் சந்தையில் சாதி வகுத்த இடமே இங்கும் தொடர்கிறது.

மறுபுறம், கொடையாகப் பெறப்பட்ட பிளாஸ்மா மருத்துவமனையைத் தாண்டியதும் பண்டமாகிறது. நோயாளிகளுக்குச் செலுத்தியது போக எஞ்சும் பிளாஸ்மாவை மருந்து நிறுவனங்களுக்கு அளிக்கும்போது லிட்டருக்கு 1,600 ரூபாய் பரிமாற்ற மதிப்பாகத் தேசிய இரத்த மாற்றுக் குழுமம் நிர்ணயித்தது. ஒருவரின் ஒரு கொடையிலிருந்து ஏறத்தாழ 200 மில்லி பிளாஸ்மா கிடைக்கும் எனக் கொண்டால், ஐந்து பேரின் கொடைக்கான மதிப்பு அது. அதிலிருந்து உருவாகும் ஆல்புமினை வாங்க ஒரு புட்டிக்குச் சில ஆயிரம் ரூபாய் தேவை. கொடுத்தவர் குடும்பத்துக்கே அது தேவைப்பட்டால், தனியார் மருந்துக்கடையில் முழு விலையையும் அவர்கள் செலுத்த வேண்டியிருக்கும். கொடை என்னும் சொல் சங்கிலியின் முதல் கண்ணிக்கு மட்டுமே பொருந்துகிறது.

இக்கடற்கரைக்கு இது பழகிய கணக்கு. முத்துக்குளித்துறையில் கல்லைக் கட்டிக்கொண்டு மூச்சடக்கி மூழ்கியவர்கள் குளியாளிகள். 1961க்குப் பின் இங்கே பெரிய முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. அதற்கு முந்தைய நூற்றாண்டுகளில் முத்து அரசர்களின் கருவூலத்துக்கும், போர்த்துகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் கைகளுக்கும் சென்றது. செவியும் நுரையீரலும் பழுதாகிக் கரையேறியவருக்கு எஞ்சியது ஒரு சிறு பங்கு.

சாத்தூர் தரும் பாடம்

தூத்துக்குடிக்கு அண்டை மாவட்டமான விருதுநகரில் 2018 டிசம்பரில் நிகழ்ந்ததை நாம் மறக்கலாகாது. இரத்தசோகையால் பாதிக்கப்பட்ட கர்ப்பிணி ஒருவருக்குச் சாத்தூர் அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. தொற்றுள்ள இரத்தம் செலுத்தப்பட்டது. அந்த இரத்தத்தைக் கொடுத்த இளைஞர் பணத்துக்காகக் கொடுத்தவரல்லர். உறவினருக்காகச் சிவகாசியில் கொடுத்தவர். 2016இல் அவர் கொடுத்த இரத்தத்திலேயே தொற்று கண்டறியப்பட்டிருந்தும், அது அவருக்குத் தெரிவிக்கப்படவில்லை. செய்தி அறிந்த அவர் நஞ்சருந்தி, மதுரை அரசு மருத்துவமனையில் உயிரிழந்தார். 2019 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அப்பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது.

இங்கே இருவரும் பாதிக்கப்பட்டவர்கள். பணம் இல்லாத கொடை தானாகவே பாதுகாப்பானதாகிவிடாது. முறையான பரிசோதனையும், முடிவைக் கொடுத்தவரிடம் கமுக்கமாகத் தெரிவிக்கும் கடமையும் சேர்ந்தால்தான் அது பாதுகாப்பானது. கொடுப்பவர் வெறும் புட்டி அல்லர், உரிமையுள்ள மனிதர்.

இரத்தசோகைதான் இக்கதையின் தொடக்கம் என்பதையும் காண வேண்டும். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது. இரத்தம் கொடுக்க ஹீமோகுளோபின் 12.5 கிராம் இருக்க வேண்டும். எடை 45 கிலோவேனும் இருக்க வேண்டும். பிரசவத்துக்கு வந்த ஏழைப் பெண்ணின் உறவினர்களிடம் 'ஆள் கொண்டுவாருங்கள், மாற்று இரத்தம் கொடுங்கள்' என்று கேட்கும்போது, அவர்களில் பலர் இத்தகுதியை எட்டுவதில்லை. அந்த இடைவெளியில்தான் தரகர் நுழைகிறார். பணத்துக்கு வருபவர் தமது நோயையும் முந்தைய கொடையையும் மறைக்கத் தூண்டப்படுகிறார்.

நாம் கோர வேண்டியவை

அரசு மருத்துவமனையில் பிரசவத்துக்கு வரும் பெண்ணுக்கு இரத்தம் இலவசம் என்பது 2011இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி அவரது உரிமை. தாலசீமியா, ஹீமோஃபிலியா, அரிவாளணு நோயாளிகளுக்கும் மாற்று இரத்தம் கேட்காமல் இலவசமாக வழங்க வேண்டும். தனியார் இரத்த மையங்களும் பதப்படுத்தும் கட்டணத்தை மட்டுமே பெறலாம். இரத்தம் விற்பனைக்கன்று என்பதை 2024 ஜனவரியில் மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அலுவலகம் மீண்டும் வலியுறுத்தியது. இவை மறுக்கப்பட்டால் 104 என்னும் மாநில மருத்துவ உதவி எண்ணில் முறையிடலாம். எந்த மையத்தில் என்ன வகை இரத்தம் இருக்கிறது என்பதை இ-ரக்த்கோஷ் தளத்தில் காணலாம். கல்லூரி மாணவர்கள் இத்தகவலை உப்பளக் குடியிருப்புகளுக்கும் சேரிகளுக்கும் கொண்டுசெல்வது, முகாமில் ஒருமுறை இரத்தம் கொடுப்பதற்கு ஈடான பணி.

முறைசாராத் தொழிலாளருக்கும் கொடைநாளுக்கான ஊதிய விடுப்பை நல வாரியங்கள் வழியே வழங்கக் கோர வேண்டும். அதைக் கொடுக்கும் இரத்தத்தின் அளவோடு பிணைக்கலாகாது. ஆண்டுக்கு இத்தனை முறை என்னும் வரம்போடு, அரசு ஊழியருக்கு உள்ளதைப் போலவே அமைய வேண்டும். மழைக்கால நிவாரணமான 5,000 ரூபாய் மூன்று மாதப் பசிக்குப் போதாது என்பதையும் இதனோடு சேர்த்தே பேச வேண்டும். கூலி போதுமானதாக இருக்கும் ஊரில் பிளாஸ்மா வாங்கும் கடை நடக்காது.

சாதித் தூய்மை என்பது இரத்தத்தின் பெயரால் சொல்லப்பட்ட பொய். இரத்த வங்கியின் குளிர்பெட்டியில் வகை மட்டுமே எழுதப்பட்டிருக்கிறது, சாதி எழுதப்படவில்லை. ஆயினும் பணத்துக்கு இரத்தம் விற்கும் மையம் திறந்தால், அதன் வாசல் வரிசையில் சாதி தெளிவாகத் தெரியும். தடையைக் காப்பதும், அவ்வரிசையை உருவாக்கும் வறுமையை எதிர்ப்பதும் ஒரே போராட்டத்தின் இரு பகுதிகள்.