தூங்கும் நாயின் மூச்சை எண்ணிப் பாருங்கள்... இதய நோய் உள்ள செல்லத்தைக் கவனிப்பது எப்படி?

தேனி மாவட்டம் கோம்பை, தன் பெயரையே ஒரு நாட்டு நாய் இனத்துக்குக் கொடுத்த ஊர். கம்பம் பள்ளத்தாக்கில் தோட்டக் காவலுக்கு நாய் வளர்ப்பது இன்றும் உண்டு. வீட்டுக்குள் பொமரேனியனும் லாப்ரடாரும் பிள்ளைகளோடு பிள்ளையாக வளர்கின்றன. அவற்றுக்கு வயதாகும்போதுதான் சோதனை வருகிறது.

"ராத்திரியானா இருமிக்கிட்டே இருக்கு. தொண்டையில எலும்பு சிக்கியிருக்கும்" என்றுதான் பலரும் முதலில் நினைப்பார்கள். ஆனால், வயதான நாயின் இரவு இருமலுக்கு இதய நோயும் காரணமாக இருக்கலாம். சிறிய இனங்களில் வயதாக ஆக இதய வால்வு தேய்ந்து கசியும். பெரிய இனங்களில் இதயத் தசை பலவீனமாகும். இரண்டும் முற்றினால் நுரையீரலிலோ வயிற்றிலோ நீர் கோத்துக்கொள்ளும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய எளிய பரிசோதனை ஒன்று உண்டு. நாய் நன்றாகத் தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு மூச்சாகக் கொண்டு 30 விநாடிகள் எண்ணி, இரண்டால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 30-க்குள் இருந்தால் நல்லது. தொடர்ந்து அதைத் தாண்டினால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கழுத்தை நீட்டி, படுக்க முடியாமல் நின்றாலோ, ஈறு நீலம் பாய்ந்தாலோ உடனே கிளம்ப வேண்டும்.

இதய நோய்க்கு மருந்து இருக்கிறது. கோத்த நீரை வெளியேற்ற ஃபியூரோசிமைடு, இதயம் துடிக்கும் வலுவைக் கூட்ட பிமோபெண்டான். வால்வு நோயால் இதயம் வீங்கியும் அறிகுறி தென்படாத நாய்களுக்குப் பிமோபெண்டான் கொடுத்தால், இதயச் செயலிழப்பு சராசரியாகச் சுமார் 15 மாதங்கள் தள்ளிப்போவதாக 2016-ல் வெளியான பன்னாட்டு ஆய்வு சொன்னது. அளவை மருத்துவர்தான் முடிவுசெய்ய வேண்டும். கருவாடு, அப்பளம், ஊறுகாய் சோறு கூடாது. நீர் பிரியும் மருந்து சாப்பிடும் நாய்க்குத் தண்ணீரைக் குறைக்கவும் கூடாது.

முடிவெடுக்கும் நாள்

மருந்துக்கும் ஓர் எல்லை உண்டு. மூச்சுத்திணறலில் தவிக்கும் நாய் கத்தி அழாது என்பதால், அதன் வேதனை வெளியே தெரியாமலே போகும். அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் 2004-ல் ஒரு மதிப்பெண் முறையை வகுத்தார். வலி (மூச்சுத்திணறலும் இதில் அடக்கம்), பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாள்களைவிட நல்ல நாள்கள் அதிகமா என ஏழுக்கும் தலா 10 மதிப்பெண். 35-க்கு மேல் இருந்தால் பராமரிப்பைத் தொடரலாம். காலண்டரில் தினமும் குறித்துவந்தால், வீட்டில் எல்லோரும் ஒரே கணக்கைப் பார்த்துப் பேச முடியும்.

'கொன்னுட்டோமே' என்ற குற்ற உணர்வு யாரையும் விடாது. 1928-ல் சபர்மதி ஆசிரமத்தில் பிழைக்க வழியின்றித் துடித்த ஒரு கன்றுக்கு ஊசி போட்டு உயிரை விடுவிக்கச் செய்தார் காந்தி. கண்டனங்கள் குவிந்தன. துன்பத்தை முடித்துவைப்பதும் அகிம்சைதான் என்று அவர் எழுதினார்.

முறையாகச் செய்யும்போது முதலில் மயக்க ஊசி. பிறகு நரம்பு வழியே அதிக அளவு மயக்க மருந்து. சில நிமிடங்களில் இதயம் நின்றுவிடும். கண் திறந்தே இருக்கலாம், பயப்பட வேண்டாம். மருந்து உடலில் தங்கும் என்பதால், பிற விலங்குகள் தோண்டாதபடி ஆழமாகப் புதைக்க வேண்டும்.

கம்பத்திலிருந்து தேனிக்குச் சுமார் 40 கிலோமீட்டர். நள்ளிரவில் மூச்சு முட்டினால் யாரை அழைப்பது, அவர் வீட்டுக்கு வருவாரா, கடைசி நேரத்தில் பக்கத்தில் யார் இருப்பது? இவற்றை நாய் இன்னும் வாலாட்டி வரவேற்கும்போதே பேசி வைத்துவிடுங்கள்.