மேகச் செய்திச் சேவையில் இணைப்புப் பிழைகளும் செய்திக் கையாளல் பிழைகளும்

மேகச் செய்திச் சேவை என்பது ஒரு செயலியின் வழங்கியிலிருந்து பயனரின் திறன்பேசிக்கு, இடையில் உள்ள ஒரு பொதுச் சேவை வழியாகச் சிறு செய்திகளைக் கொண்டு சேர்க்கும் முறையாகும். ஆண்டிராய்டு கருவிகளில் கூகுளின் ஃபயர்பேஸ் கிளவுட் மெசேஜிங் (சுருக்கமாக எஃப்சிஎம்) பரவலாகப் பயன்படுகிறது. 2012இல் வெளிவந்த கூகுள் கிளவுட் மெசேஜிங்கிற்கு மாற்றாக 2016இல் இது அறிமுகமானது.

ஒரு செய்தி மூன்று கட்டங்களைக் கடக்கிறது. வழங்கி அதை மேகச் சேவையிடம் ஒப்படைக்கிறது. சேவை அதைக் கருவிக்கு அனுப்புகிறது. கருவியில் உள்ள செயலி அதைக் கையாளுகிறது. வழங்கிக்குக் கிடைக்கும் வெற்றிப் பதில் முதல் கட்டம் முடிந்ததை மட்டுமே குறிக்கும். செய்தி பயனரைச் சென்றடைந்தது என்பதற்கு அது சான்றாகாது. எனவே எந்தக் கட்டத்தில் செய்தி நின்றது என்று கண்டறிவதே பிழை நீக்கத்தின் முதல் வேலை.

மலைப்பகுதியில் இதன் முக்கியத்துவம்

திண்டுக்கல் மாவட்டத்தின் பழனி மலைகள் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குக் கிளையாகும். கொடைக்கானல் நகரம் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. மலைமுகடுகள் அலைபேசிக் கோபுரத்தின் அலைகளை மறைப்பதால் பள்ளத்தாக்குகளிலும் மலைச்சாலை வளைவுகளிலும் இணைப்பு அடிக்கடி அறுபடும். மின்சாரம் நின்றால் கோபுரங்கள் மின்கலத்தையும் டீசல் மின்னாக்கியையும் நம்பியே இயங்க வேண்டும். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல் திண்டுக்கல் வழியாக மேற்கே நகர்ந்தபோது, கொடைக்கானல் பகுதியில் மரங்கள் சாய்ந்து போக்குவரத்தும் மின்சாரமும் தடைபட்டன.

இத்தகைய இடங்களில் மழை, மண்சரிவு, காட்டுத்தீ பற்றிய எச்சரிக்கைகள் நேரத்துக்குச் சேர்வது உயிர் தொடர்பானது. இந்திய வன ஆய்வு நிறுவனம் 2004 முதல் செயற்கைக்கோள் தரவைக் கொண்டு காட்டுத்தீ எச்சரிக்கைகளை வழங்கி வருகிறது. பதிவு செய்தவர்களுக்கு அவை குறுஞ்செய்தியாகவும் மின்னஞ்சலாகவும் அனுப்பப்படுகின்றன. இது எஃப்சிஎம் வழிச் சேவை அன்று என்றாலும், செய்தி அனுப்பப்பட்டதற்கும் களத்தில் இருப்பவர் அதைப் படித்ததற்கும் இடையே உள்ள தூரம் இதற்கும் பொருந்தும்.

ஒப்படைப்புப் பிழைகள்

முதல் கட்டத்தில் ஏற்படும் பிழைகளைச் சேவை தரும் பதில் எண்ணைக் கொண்டு அறியலாம்.

400: செய்தியின் வடிவம் தவறு. தரவு 4,096 பைட்டைத் தாண்டினாலும் இப்பிழை வரும்.

401, 403: அனுமதிச் சான்று செல்லாதது, அல்லது டோக்கன் வேறு திட்டத்துக்கு உரியது.

404: டோக்கன் செயலிழந்துவிட்டது. செயலி நீக்கப்பட்டிருக்கலாம். அந்த டோக்கனைத் தரவுத்தளத்திலிருந்து அகற்ற வேண்டும்.

429: அளவுக்கு மீறி அனுப்பப்பட்டுள்ளது.

500, 503: சேவையில் தற்காலிகக் கோளாறு.

முதல் மூன்று வகைகளில் அதே செய்தியைத் திரும்ப அனுப்புவதால் பயனில்லை. காரணத்தைச் சரிசெய்ய வேண்டும். கடைசி இரண்டில் மட்டும் மறுமுயற்சி பலன் தரும். ஒவ்வொரு முயற்சிக்கும் இடைவெளியை இரட்டிப்பாக்கி, அதில் சிறிது தற்செயல் வேறுபாட்டையும் சேர்ப்பது வழக்கம். எல்லா வழங்கிகளும் ஒரே நொடியில் மீண்டும் மோதுவதை இது தவிர்க்கிறது.

பழைய இடைமுகத்தைப் பயன்படுத்தும் செயலிகளில் வேறொரு காரணமும் உண்டு. எஃப்சிஎம்மின் பழைய அனுப்பு இடைமுகங்கள் 2023 ஜூன் 20 அன்று வழக்கொழிந்தவையாக அறிவிக்கப்பட்டு, 2024 ஜூலை முதல் நிறுத்தப்பட்டன. மாற்றாக உள்ள இடைமுகத்தில் நிலையான திறவுகோலுக்குப் பதில் குறுகிய ஆயுள் கொண்ட அனுமதிச் சான்று தேவை. அதைப் புதுப்பிக்க மறந்த வழங்கி, தொடங்கிய சிறிது நேரம் ஒழுங்காக வேலை செய்து பிறகு 401 பிழை தரும்.

இணைப்புப் பிழைகள்

கருவி எஃப்சிஎம்முடன் 5228, 5229, 5230 ஆகிய துறைகள் வழியாக நீடித்த இணைப்பை வைத்திருக்கிறது. தேவைப்பட்டால் 443ஐயும் பயன்படுத்தும். விடுதி, கல்லூரி, அலுவலகம் ஆகியவற்றின் அருகலைக்குப் பின்னுள்ள தீயரண் இத்துறைகளை மூடியிருந்தால், இணையம் வேலை செய்தும் அறிவிப்புகள் வராமல் போகலாம். அருகலையை அணைத்து அலைபேசித் தரவில் சோதித்தால் இது தெரியவரும். சும்மா இருக்கும் இணைப்பைச் சில நிமிடங்களில் துண்டிக்கும் திசைவிகளும் தாமதத்தை உண்டாக்கும். காத்திருப்பு நேரம் 30 நிமிடத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது கூகுளின் பரிந்துரை.

இணைப்பில்லாத கருவிக்கு வரும் செய்திகளைச் சேவை சேமித்து வைக்கிறது. ஆயுள் எதுவும் குறிக்கப்படாவிட்டால் 4 வாரம் வரை அவை காத்திருக்கும். ஆகவே இன்று மாலைக்கான கனமழை எச்சரிக்கை, இணைப்பு திரும்பும் நாளன்று புதிய எச்சரிக்கை போலத் தோன்றக்கூடும். காலம் கடந்தால் பொருளிழக்கும் செய்திகளுக்குக் குறுகிய ஆயுளை வழங்கியே குறிக்க வேண்டும். ஒரே பொருள் பற்றிய செய்திகளுக்குப் பொதுவான திறவுச்சொல் கொடுத்தால், பழையதை நீக்கிவிட்டுக் கடைசிச் செய்தி மட்டும் சேரும்.

ஒரு கருவிக்குத் தேங்கும் தனித்தனிச் செய்திகள் 100ஐத் தாண்டினால், தேங்கியவை அனைத்தும் நீக்கப்படும். இணைப்பு திரும்பியதும் இது செயலிக்குத் தெரிவிக்கப்படும். அப்போது செயலி வழங்கியிடமிருந்து முழு நிலவரத்தையும் நேரடியாகப் பெற வேண்டும்.

கையாளல் பிழைகள்

செய்தி கருவியை அடைந்த பின்னும் பயனர் அதைக் காணாமல் போகலாம். ஆண்டிராய்டு 6.0 முதல் உள்ள மின்கலச் சேமிப்பு முறை, அசையாமல் கிடக்கும் கருவியில் சாதாரண முன்னுரிமைச் செய்திகளைத் தள்ளிப்போடும். அவசரச் செய்திகளை உயர் முன்னுரிமையுடன் அனுப்ப வேண்டும். ஆண்டிராய்டு 13 முதல் அறிவிப்பு காட்டப் பயனரின் அனுமதி தேவை. அமைப்புகளில் செயலி கட்டாயமாக நிறுத்தப்பட்டிருந்தால், மீண்டும் திறக்கும்வரை செய்தி அதற்குக் கிடைக்காது.

செய்தியைக் கையாளச் செயலிக்குக் கிடைக்கும் நேரமும் குறைவு. படம் பதிவிறக்குவது போன்ற நீண்ட வேலையை அங்கேயே செய்தால், முடிவதற்குள் இயங்குதளம் அதை நிறுத்திவிடலாம். முதலில் அறிவிப்பைக் காட்டிவிட்டு, மீதியைப் பின்னணி வேலையாக ஒப்படைப்பது முறை. மறுமுயற்சியால் ஒரே செய்தி இருமுறை வரவும் கூடும் என்பதால், ஒவ்வொன்றுக்கும் தனி அடையாள எண் கொடுத்து, ஏற்கெனவே கையாண்டதைச் செயலி விலக்க வேண்டும்.

மாற்று வழிகள்

மேகச் செய்திச் சேவை செய்தி சேரும் என்று உறுதியளிப்பதில்லை. எனவே உயிர் காக்கும் எச்சரிக்கைக்கு அதை மட்டும் நம்புவது பொருந்தாது. செயலி செய்தியைப் பெற்றதும் வழங்கிக்கு ஒப்புகை அனுப்பவும், குறித்த நேரத்துக்குள் ஒப்புகை வராதவர்களுக்குக் குறுஞ்செய்தியோ தொலைபேசி அழைப்போ செல்லவும் ஏற்பாடு செய்யலாம். இந்தியாவில் 2023இல் பரவலாகச் சோதிக்கப்பட்ட கோபுரவழி ஒலிபரப்பு எச்சரிக்கைக்கு இணையத் தரவோ செயலியோ தேவையில்லை. கோபுரத்தின் எல்லைக்குள் உள்ள அதை ஏற்கும் கைபேசிகள் அனைத்தும் அதைப் பெறும். கோபுரமே எட்டாத மலைச்சரிவுகளில் கம்பியில்லாக் கருவியும் ஒலிபெருக்கியும் ஆள் அனுப்பிச் சொல்வதுமே எஞ்சும் வழிகள்.